அம்மனைத் தேடித் தோண்டிய காடு

நடுக்காட்டூர் சிவனாண்டியைப் பற்றி ஐம்பது வயது வரைக்கும் ஊரில் யாரும் எதுவும் பேசியதில்லை. பேசும்படி அவர் எதுவும் செய்ததுமில்லை. கழுகுமலை ரோட்டை விட்டு உள்ளே தள்ளி அவருடைய கரிசல் புஞ்சை இருந்தது. ஒரு வருஷம் பருத்தி போடுவார், ஒரு வருஷம் உளுந்து. மனைவி சுடலையம்மாள், ஒரே மகள் செல்வமாரி. கோவில்பட்டிக்குப் போனால் உரக்கடை, திரும்பினால் வீடு. டீக்கடையில் யாராவது சத்தமாகப் பேச ஆரம்பித்தால் கிளாஸை வைத்துவிட்டு எழுந்து வந்துவிடும் மனிதர்.

அந்தப் புஞ்சையில் பண்ணைக்குட்டை வெட்டிக்கொள்ள அரசாங்கத் திட்டத்தில் அவருக்கு அனுமதி கிடைத்தது. பக்கத்து ஊர்க்காரனான சீனி ஜேசிபி கொண்டுவந்தான். கரிசல் முடிந்து சுண்ணாம்புக் கல் தொடங்குகிற ஆழத்தில் பக்கெட் எதன் மேலோ உரசியது. சீனி வண்டியை நிறுத்தினான்.

“அண்ணாச்சி, இது கல்லு இல்ல. சத்தம் வேற மாதிரி கேக்கு. இங்கன வந்து பாருங்க.”

சிவனாண்டி குழிக்குள் இறங்கிக் கையால் மண்ணை விலக்கினார். பச்சை பூத்த ஒரு தோள் தெரிந்தது. இன்னும் விலக்கியபோது முகம் தெரிந்தது. இருவருமாகப் பிடித்துத் தூக்கி மேலே கொண்டுவந்தார்கள். முழத்துக்கு மேல் உயரம். நான்கு கைகள். பின் கைகளில் ஒன்றில் மழு, இன்னொன்றில் துள்ளுகிற மான். சடையில் பிறை. வெயில் படக் கூடாது என்று சிவனாண்டிக்கு ஏனோ தோன்றி, வண்டியில் கிடந்த சாக்கை எடுத்துச் சிலையின் மேல் போர்த்தினார்.

கஞ்சி கொண்டுவந்த சுடலையம்மாள் சாக்கை விலக்கிப் பார்த்து, செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டாள்.

“ஏங்க, இது நாம வச்சிக்கிடுத பொருளு இல்ல. இப்பமே போயி வி.ஏ.ஓ.கிட்டச் சொல்லிருங்க.”

“ஊர்ல ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போவமா?”

“மொதல்ல அவியகிட்டச் சொல்லுங்க. நம்ம மேல ஒரு சொல்லு வந்துரக் கூடாது.”

அவர் போய்ச் சொன்னார். தாசில்தார் வந்து சேர்வதற்குள் ஊர் முழுக்கப் புஞ்சையில் கூடிவிட்டது. பெண்கள் சிலையைக் கழுவி, மஞ்சள் பூசி, மாலை போட்டுக் குலவையிட்டார்கள். சிவனாண்டியின் சித்தப்பா மகன் சங்கரபாண்டி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் நின்றான். சாமி தானாக வந்திருக்கிறது, இந்த இடத்திலேயே கோயில் கட்டிவிடுவோம் என்றான். தாசில்தார் பொறுமையாகவே பேசினார். பூமிக்குள் கிடைக்கிற பழம்பொருள் அரசாங்கத்தைச் சேர்ந்தது, அதை அருங்காட்சியகத்தில் பத்திரமாக வைப்பார்கள் என்றார். பொழுது சாயும்போது சிலையை வேனில் ஏற்றினார்கள். மாலையோடு சாமி போவதைப் பார்த்துச் சில பெண்கள் அழுதார்கள்.

சங்கரபாண்டி சிவனாண்டியிடம் வந்தான்.

“நீ ஏன்ணே அவியகிட்டப் போயிச் சொன்ன? எங்கிட்டச் சொல்லியிருந்தா சாமி இங்கனயே இருந்திருக்கும்லா?”

அன்றைக்கு ஊருக்குச் சிவனாண்டி மேல் இருந்தது அந்த ஒரு வருத்தம்தான். நாளானால் ஆறிப்போயிருக்கும்.

ஆறவிடாமல் செய்தது பேப்பரில் வந்த ஒரு வரி. சிலையைப் பெற்றுக்கொண்ட அருங்காட்சியகம் கோவில்பட்டியிலிருந்து பஸ்ஸில் நெடுநேரம் போக வேண்டிய ஊரில் இருந்தது. அதன் பெயர் இங்கே வேண்டாம். அங்கே அப்போது இருந்த அதிகாரி பத்திரிகைக்காரர்களிடம் சந்தோஷமாகப் பேசியிருந்தார். இது சந்திரசேகரர் சிலை, பாண்டியர் காலத்தின் அருமையான வேலைப்பாடு என்று விளக்கிவிட்டு, கடைசியில் இதையும் சேர்த்திருந்தார்: “பீடத்தின் இடப்பக்கம் ஒரு துளை இருக்கிறது. இதனுடன் இணையாக ஓர் அம்மன் சிலை நிச்சயம் இருந்திருக்கிறது. அதுவும் அதே இடத்தில்தான் இருக்க வேண்டும்.”

படித்தவர் தெரிந்ததைச் சொன்னார். அதில் பொய் இல்லை. ஆனால் ராஜமணி டீக்கடையில் அந்தப் பேப்பர் கைமாறிக் கைமாறிக் கிழிகிற வரைக்கும் படிக்கப்பட்டது. அம்மன் அதே இடத்தில் இருக்க வேண்டும். இல்லை என்றால் யாரோ எடுத்திருக்க வேண்டும். குழிக்குள் இறங்கியவர்கள் இரண்டே பேர்.

தொல்லியல் துறையிலிருந்து ஆட்கள் வந்து குழியைச் சுற்றித் தோண்டினார்கள். உடைந்த பானை ஓடுகள் கிடைத்தன, வேறு எதுவும் இல்லை. அவர்கள் போன பிறகு போலீஸ் வந்தது.

சிவனாண்டியை விசாரணைக்கு என்று அழைத்துப் போனார்கள். எந்த ஸ்டேஷன் என்பதும் இங்கே வேண்டாம். உள்ளங்காலில் அடித்தார்கள். அடித்தவனுக்கு அவர் மேல் கோபம் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு அடிக்கும் ஒரே கேள்வியை ஒரே குரலில் கேட்டான்: “அம்மன் எங்க?” பக்கத்து அறையில் சீனியை அடித்தார்கள். அவன் சின்னப் பையன், தாங்கவில்லை. அடியிலிருந்து தப்பிக்க எதையாவது சொல்ல வேண்டியிருந்தது.

“அண்ணாச்சி சாக்குல எதையோ மூடி வச்சாரு சார். என்னன்னு நான் பாக்கல.”

சாக்கால் மூடியது உண்மை. மூடியது எதை என்று சொல்லாமல் விட்டுவிட்டான். அந்த ஒரு வாக்கியத்தோடு அவனை வெளியே விட்டார்கள். அவன் வீட்டுக்குக்கூடப் போகாமல் திருப்பூருக்குப் பஸ் ஏறினான். அதன் பிறகு அவனை நடுக்காட்டூரில் யாரும் பார்க்கவில்லை.

சாட்சி இல்லை, பொருள் இல்லை. வழக்குப் போட முடியாமல் சிவனாண்டியை அனுப்பிவிட்டார்கள். அவர் நொண்டிக்கொண்டு தெருவுக்குள் வந்தபோது, வாசல்களில் நின்றவர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அடி வாங்கியும் சொல்லவில்லை என்றால் பொருள் பெரிதாக இருக்க வேண்டும் என்று பேசிக்கொண்டார்கள். ஸ்டேஷனில் சீனி சொன்ன வெறும் கோணிச் சாக்கு, ஊர்ப் பேச்சில் நகை மூட்டையாகிவிட்டது. அம்மன் சிலையோடு கொலுசும் காசுமாலையும் இருந்ததாக, பார்த்தவர்களைப் போலவே பேசினார்கள்.

அந்த வருஷமே செல்வமாரியைச் சங்கரன்கோவிலிலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். விசைத்தறி வைத்திருக்கிற வீடு. எதுவும் வேண்டாம், பெண்ணைக் கொடுத்தால் போதும் என்றார்கள். சுடலையம்மாள் நம்பினாள். கல்யாணம் முடிந்த சில மாதங்களில் செல்வமாரி வந்து அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள்.

“எங்க அத்தை தெனமும் கேக்காவம்மா. உங்க அப்பா அம்மனை எங்கன வச்சிருக்காரு, எப்பம் எடுக்கப்போறாருன்னு. அதுக்குத்தான் என்னையக் கேட்டு வந்திருக்காவ.”

“இல்லாத பொருளை எங்கனட்டி எடுக்க?”

செல்வமாரி தாயை நிமிர்ந்து பார்த்தாள். “நெசமாவே இல்லியாம்மா?”

சுடலையம்மாள் கையிலிருந்த கரண்டியைக் கீழே போட்டாள். பெற்ற மகளே அப்படிக் கேட்டதை அவளால் பொறுக்க முடியவில்லை. “வெளிய போட்டி” என்று கத்தினாள். செல்வமாரி பஸ் ஏறிப் போனாள். கோபம் ஆறினால் கூப்பிடுவாள் என்று இரண்டு பக்கமும் காத்திருந்தார்கள்.

புஞ்சையில் அம்மனைத் தேடி இரவில் ஆட்கள் குழி தோண்டுவது அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. காலையில் போனால் பருத்திச் செடிகள் வேரோடு பிடுங்கிக் கிடக்கும். நடுவில் ஆள் ஆழத்துக்கு ஒரு குழி இருக்கும். குழி ஓரத்தில் அறுத்த எலுமிச்சம்பழமும் குங்குமமும் கிடக்கும். சில சமயம் சேவலின் தலையும் கிடக்கும். சிவனாண்டி முதலில் ஒவ்வொன்றாக மூடினார். மூடிய இடத்தையே மறுபடி தோண்டினார்கள். இவன் எதற்கு மூடுகிறான், அதில்தான் ஏதோ இருக்கிறது என்று நினைத்திருப்பார்கள். பிறகு மூடுவதையும் விட்டுவிட்டார். போலீஸில் சொல்லப் போனால் முதல் கேள்வியாக அம்மனைத்தான் கேட்பார்கள். அந்த வாசலை மிதிக்க அவருக்குக் கால் வரவில்லை.

“இந்தப் புஞ்சை வேண்டாங்க. வித்துட்டு எங்கனயாச்சும் போயிருவோம்” என்று சுடலையம்மாள் சொல்லிப் பார்த்தாள்.

“வித்தா, எடுத்துட்டான், அதான் விக்கான்னு சொல்லுவாவ.”

அவர் சொன்னதும் சரியாகத்தான் இருந்தது. தோண்டாத ஓரத்தில் உளுந்து விதைத்தார்கள்.

அந்த ஐப்பசியில் மழை விடாமல் பெய்தது. குழிகள் எல்லாம் நிரம்பித் தரையோடு தரையாகக் கறுத்த தண்ணீர் நின்றது. எது தரை, எது குழி என்று தெரியவில்லை. மழை வெறித்த ஒரு காலையில் சுடலையம்மாள் களை பார்க்கிறேன் என்று முன்னால் போனாள். மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டு சிவனாண்டி பின்னால் போனார். உளுந்துக்குள் ஆள் இல்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டார். வரப்பு ஓரமாகச் சேறு வழுக்கிய தடம் ஒன்று இருந்தது. அது முடிந்த இடத்தில் தண்ணீரில் அவளுடைய தலைத்துண்டு மிதந்தது.

அவர் போட்ட சத்தத்தில் ரோட்டிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். முதலில் வந்தவன் சங்கரபாண்டி. கரிசல் சேறு ஆளை இழுக்கும் என்று மற்றவர்கள் தயங்கி நிற்க, அவன் வேட்டியை அவிழ்த்துப் போட்டுவிட்டுக் குழியின் ஓரமாக இறங்கினான். சிவனாண்டி கரையில் மண்டியிட்டபடி பார்த்துக்கொண்டிருந்தார். கறுத்த தண்ணீருக்குள் எதுவுமே தெரியாது. ஆனாலும் சங்கரபாண்டி தடவிப் பார்க்காமல், தயங்காமல், ஒரு கால் பின் ஒரு காலாகப் படியில் இறங்குவது போல இறங்கினான். தோண்டுகிறவர்கள் ஏறி இறங்குவதற்குக் குழிச் சுவரில் காலிடம் வெட்டிவைப்பார்கள். அது எங்கே இருக்கிறது என்று அவன் காலுக்குத் தெரிந்திருந்தது.

சுடலையம்மாளைத் தூக்கிக் கரையில் போட்டுவிட்டு அவன் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். “மைனி, மைனி” என்று அண்ணன் மனைவியைக் கூப்பிட்டுக் கதறினான். அந்த அழுகை பொய் இல்லை.

செல்வமாரி வந்து சேர்ந்தபோது தாயைக் குளிப்பாட்டி முடித்திருந்தார்கள். காரியம் எல்லாம் முடிந்த பிறகு சிவனாண்டி சங்கரபாண்டியின் வீட்டு வாசலில் போய் நின்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவனைத் தேடிச் சண்டைக்குப் போனார்.

“ஏலே, அந்தக் குழியைத் தோண்டுனது நீதான?”

சங்கரபாண்டி தரையைப் பார்த்தான். பிறகு நிமிர்ந்தான்.

“நான் மட்டுமா தோண்டுனேன்? ஊரே தோண்டுச்சு. நீ எடுத்ததை எடுத்தேன்னு சொல்லியிருந்தா நாங்க எதுக்குண்ணே தோண்டப் போறோம்? மைனி எதுக்குச் சாகப் போறாவ?”

சிவனாண்டிக்கு அடிக்க வேண்டும் போல இருந்தது. கை எழவில்லை. மனைவி செத்ததற்கும் தானே காரணம் என்று ஊர் முடிவு செய்துவிட்டது அவருக்கு அப்போதுதான் புரிந்தது. திரும்பி வந்துவிட்டார். தவறி விழுந்து இறந்ததாகப் போலீஸில் எழுதி முடித்தார்கள்.

அதன் பிறகு சில வருஷங்கள் அவர் யாரோடும் பேசவில்லை. தனியாகக் கஞ்சி காய்ச்சிக் குடித்தார். காடு வேலிக்கருவை மண்டிக் கிடந்தது. டீக்கடைக்குப் போவதில்லை.

ஒரு நாள் அவர் வீட்டு முன்னால் அரசாங்க ஜீப் வந்து நின்றது. அதிலிருந்து கண்ணாடி போட்ட ஒரு பெண் இறங்கினார். அருங்காட்சியகத்துக்குப் புதிதாக வந்திருந்த காப்பாட்சியர், ரேணுகாதேவி. ஜீப்பைப் பார்த்ததும் சிவனாண்டி வெளியே வந்து கைகூப்பினார்.

“எங்கிட்ட எதுவும் இல்லம்மா. வீட்டைப் பாத்துக்கிடுங்க. எதுவும் இல்ல.”

ரேணுகாதேவி திகைத்துப்போய் நின்றார். “ஐயா, நான் சோதனை போட வரல. நல்ல சேதி சொல்லத்தான் வந்தேன். அந்த அம்மன் கிடைச்சிருச்சு.”

“எங்கன? எம் புஞ்சையிலயா?”

“இல்லைங்க ஐயா. எங்க மியூசியத்துலயேதான்.”

சிவனாண்டிக்கு விளங்கவில்லை. நேரில் வந்து பார்க்கும்படி ரேணுகாதேவி அழைத்தார். சிவனாண்டி ஜீப்பில் ஏறத் தயங்கவே, அவரோடு பஸ்ஸிலேயே தானும் போனார்.

அருங்காட்சியகத்தின் கூடத்தில் நடுகற்களும் உடைந்த தாழிகளும் வரிசையாக இருந்தன. அதைத் தாண்டிச் செப்புத் திருமேனிகள் வைத்திருந்த அறை. புதிதாக அடுக்குவதற்காக எல்லாவற்றையும் இறக்கி வைத்திருந்தார்கள். மேஜை மேல் இரண்டு சிலைகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஒன்று அவர் கையால் மண் தள்ளி எடுத்தது. இன்னொன்று அதன் தோள் உயரத்துக்கு ஓர் அம்மன். இடுப்பை லேசாக ஒடித்து, ஒரு கையில் பூப் பிடிக்கிற பாவனையில் நின்றாள்.

ரேணுகாதேவி அம்மனைத் தூக்கிப் பீடத்தைக் காட்டினார். வலப்பக்கம், துளையில் செருகுகிற ஒரு முளை பாதியில் முறிந்திருந்தது. சந்திரசேகரர் பீடத்தின் துளைக்குள் அந்த முளையின் மற்றப் பாதி சிக்கியிருந்தது. இரண்டையும் சேர்த்து வைத்தபோது முறிந்த விளிம்பு விளிம்போடு பொருந்தியது. நூல் நுழைய இடம் இல்லை.

“இந்த அம்மன் சேமிப்பு அறையில மூலையில கிடந்துச்சு. கிடைச்ச இடம் தெரியலன்னு மட்டும் குறிப்பு இருக்கு. மேல மண் கட்டியா அப்பியிருந்ததால முளை யாருக்கும் தெரியல. சுத்தம் பண்ணும்போதுதான் நான் பார்த்தேன்.”

“எத்தனை வருஷமா இங்கன இருக்கு?”

“சரியாத் தெரியலங்க ஐயா. நீங்க பிறக்கிறதுக்கு முன்னாலயே வந்திருக்கணும்.”

சிவனாண்டி அம்மனையே பார்த்துக்கொண்டிருந்தார். போலீஸ்காரன் கேட்டபோதும், மகள் கேட்டபோதும், அவள் இந்தச் சுவருக்குள்தான் இருந்திருக்கிறாள். சாமியைக் கொண்டுவந்து இறக்கிய அன்றைக்கு, அம்மன் இரண்டு அறை தள்ளி இருந்திருக்கிறாள்.

“அன்னைக்கே ஒருத்தரு அந்த அறையையும் தொறந்து பாத்திருக்கலாமேம்மா.”

“பார்த்திருக்கணும்” என்றார் ரேணுகாதேவி.

“எம் பொண்டாட்டி செத்துட்டா. இதைத் தேடி வெட்டுன குழியில விழுந்து செத்தா.”

ரேணுகாதேவிக்கு அது தெரியாது. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். சிவனாண்டி அதில் உட்காரவில்லை. தரையில் உட்கார்ந்து துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். வெகுநேரம் கழித்து எழுந்தபோது ஒன்றே ஒன்று கேட்டார்.

“பேப்பர்ல போட வேண்டாம்மா. ஊருக்கு வந்து, உங்க வாயால சொல்லுங்க.”

ரேணுகாதேவி வந்தார். இரண்டு சிலைகளும் சேர்ந்து நிற்கிற படத்தைப் பெரிதாகப் போட்டு எடுத்துவந்து, ராஜமணி டீக்கடை முன்னால் நின்று எல்லாருக்கும் காட்டினார். முளை முறிந்த கதையைச் சொன்னார். இந்த அம்மன் சிவனாண்டி ஐயாவின் புஞ்சையில் அன்றைக்கு இல்லவே இல்லை, எங்களுடைய தவறான பேச்சால்தான் இவ்வளவும் நடந்தது என்று குரல் உடையாமல் சொன்னார்.

“அப்பம் சிவனாண்டி சொன்னது நெசந்தான்” என்றார் ராஜமணி, யாருக்கும் இல்லாமல் பொதுவாக.

பெஞ்சின் கடைசியில் இருந்த ஒருவர் படத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார். “அம்மன் கெடைச்சாச்சு, சரிதான். கூட நகை நட்டு எதுவும் கெடைக்கலியா மேடம்?”

சங்கரபாண்டி பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து போனான். சிவனாண்டியின் வீட்டைத் தாண்டித்தான் அவன் வீட்டுக்குப் போக வேண்டும். அதன் பிறகு அவன் அந்தத் தெருவழியாகப் போவதை விட்டு, கம்மாய்க் கரையைச் சுற்றிப் போனான். வந்து ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கவில்லை. வேறு யாரும் வந்தும் கேட்கவில்லை. எதிரே வந்தால் சிலர் நின்று “சாப்பிட்டாச்சா மாமா?” என்றார்கள். அவ்வளவுதான் ஊரால் முடிந்தது.

செல்வமாரி கைக்குழந்தையோடு வந்தாள். தகப்பன் முகத்தைப் பார்க்க முடியாமல் குழந்தையை அவர் மடியில் கிடத்திவிட்டு அடுப்படிக்குள் போய் உட்கார்ந்துகொண்டாள். “அம்மாகிட்ட நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாதுப்பா” என்ற குரல் மட்டும் உள்ளேயிருந்து வந்தது. அவர் குழந்தையின் காலைத் தடவிக்கொண்டிருந்தார். கேட்டிருக்கக் கூடாதுதான். அதை அவளிடம் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. பரவாயில்லை என்று சொல்லவும் வரவில்லை.

கூடம் திறக்கிற சமயத்தில் ரேணுகாதேவி போன் பண்ணினார். சிலைகளுக்குக் கீழே வைக்கிற பலகையில், நடுக்காட்டூர் விவசாயி சிவனாண்டி கண்டெடுத்துத் தாமாகவே ஒப்படைத்தது என்று எழுதப்போவதாகச் சொன்னார்.

“எம் பேரு வேண்டாம்மா. ஊர்ப் பேரும் வேண்டாம். அதைப் படிச்சிட்டு எவனாவது மம்பட்டியைத் தூக்கிட்டு வருவான்.”

“உங்க நேர்மை நாலு பேருக்குத் தெரியணும் ஐயா.”

“தெரிஞ்சவ போயிட்டா. வேற யாருக்கும் தெரிய வேண்டாம்.”

பலகையில் பெயர் இல்லாமலே எழுதினார்கள். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் நிலத்தில் கிடைத்தது என்று மட்டும் இருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகளை அழைத்துவருகிற டீச்சர்கள் மானையும் பிறையையும் காட்டி விளக்குகிறார்கள். பிள்ளைகள் அடுத்த கூடத்துக்கு ஓடுகிறார்கள்.

புஞ்சையில் வேலிக்கருவையை வெட்டிவிட்டு சிவனாண்டி மறுபடி உழுதார். மற்றக் குழிகளை மூடுவதற்கு ஜேசிபி வண்டி வைத்தார். சுடலையம்மாள் விழுந்த குழியை மட்டும் வண்டியைத் தொடவிடாமல் தானே மண் வெட்டி மூடினார். கரிசலில் தோண்டிய குழி ஒரே தடவையில் மூடாது. மழை பெய்யப் பெய்ய உள்ளே போட்ட மண் அமுங்கி, அந்த இடம் மறுபடி பள்ளமாகிவிடும். ஒவ்வொரு ஐப்பசி மழைக்கும் பிறகு, உளுந்து முளைப்பதற்கு முன்னால், அவர் கூடையில் மண் அள்ளிக்கொண்டு வந்து அந்தப் பள்ளத்தில் போடுகிறார்.